ஸ்கேன் குழாய்க்குள் போகப் பயமா? துணைக்குப் போகிறவருக்கு ஒரு வழிமுறை

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அந்தக் குழாய்க்குள்ள என்னால போக முடியாதுப்பா" என்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அன்பாகச் சொன்னதுதான், ஆனால் பொய். உள்ளே படுத்தவருக்கு ஆறாவது நிமிடத்தில் அது பொய் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதையும் நம்ப மாட்டார், டெக்னீஷியன் சொல்வதையும் நம்ப மாட்டார்.

இந்த அத்தியாயம் துணைக்குப் போகிற உங்களுக்காக. அம்மாவின் பயம் முழுக்கப் போயாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயத்தோடேயே அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க முடிந்தால் போதும். உள்ளே என்ன நடக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எந்த நொடியிலும் வெளியே வரலாம் என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டையும் உண்டாக்குவதற்குத்தான்.

சீட்டை ஒரு முறை பாருங்கள்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "ஸ்கேன்" என்ற ஒரே பெயர். சீட்டில் சி.டி. என்று இருந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. சி.டி. இயந்திரம் குழாய் போல நீளமாக இருக்காது, அகலமான ஒரு வளையம்தான். அதில் உடல் நுழைந்து வெளியே வருவது சில நொடி வேலை. தயாரிப்பு எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் 10, 15 நிமிடத்தில் முடியும். எம்.ஆர்.ஐ. என்றால்தான் குழாய், சத்தம், காத்திருப்பு எல்லாம்.

எம்.ஆர்.ஐ.யிலும் எந்த உடல்பகுதி என்பதைப் பாருங்கள். முழங்கால், கணுக்கால் என்றால் காலை முன்வைத்து உள்ளே அனுப்புவார்கள். தலை பெரும்பாலும் வெளியிலேயே இருக்கும். இடுப்பு முதுகெலும்புக்கும் பல இடங்களில் கால்தான் முதலில் போகும், முகம் குழாயின் வாய்க்கு அருகில் இருக்கும். மூளை, கழுத்து, தோள்பட்டை என்றால் தலை உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் தேவையில்லாத பயம் ஒன்று கழியும்.

எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள்

தைரியம் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: "உள்ள போனா என்ன ஆகிடும்னு தோணுதும்மா?" அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

"மூச்சு முட்டிடும்" என்றால், குழாயின் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும், உள்ளே விளக்கும் சின்ன விசிறியும் உண்டு, காற்று ஓடிக்கொண்டே இருக்கும் என்று சொல்லுங்கள். விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லலாம். முகத்தில் காற்று படுவதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

"மாட்டிக்குவேன், கரன்ட் போயிட்டா என்ன பண்றது?" என்றால், கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் வெளியே மணி அடிக்கும், டெக்னீஷியன் கண்ணாடி வழியாகவும் கேமராவிலும் பார்த்துக்கொண்டே இருப்பார், மைக்கில் பேசவும் முடியும் என்று சொல்லுங்கள். மின்சாரம் நின்றாலும் படுக்கையைக் கையாலேயே வெளியே இழுத்துவிட முடியும்.

மூன்றாவதாக ஒரு பதிலும் வரலாம், அதைக் கவனமாகக் கேளுங்கள்: "மல்லாந்து படுத்தாலே மூச்சு வாங்குது." இதைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு உள்ளவர்களுக்கு நேராகப் படுப்பதே சிரமம். ஸ்கேன் தேதிக்கு முன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அதேபோல, முதுகுவலியால் ஐந்து நிமிடம்கூடப் படுக்க முடியாதவருக்கு அந்த வலியே உள்ளே பதற்றமாக மாறும். வலி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டால் ஸ்கேன் நேரத்தில் வேலை செய்யும் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை

பெரிய தவறு, பயத்தைப் பற்றி ஸ்கேன் மேஜையில் ஏறிய பிறகு சொல்வது. வெளியே அடுத்த டோக்கன்காரர் காத்திருக்கும் நேரத்தில் டெக்னீஷியனால் நிதானமாக எதுவும் செய்ய முடியாது. போனில் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்: "இவங்களுக்கு மூடின இடம்னா பயம். கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிற மாதிரி போடுங்க." காலையில் முதல் ஆளாகவோ கூட்டம் குறைந்த நேரத்திலோ கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள்:

1. குழாயின் வாய் எத்தனை சென்டிமீட்டர்? பழைய வகை 60 செ.மீ., "வைட் போர்" எனப்படுவது 70 செ.மீ. இந்த 10 செ.மீ. மூக்குக்கும் மேல்கூரைக்கும் நடுவே பெரிய வித்தியாசம். 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்று விளம்பரத்தில் போடுவது காந்தத்தின் வலிமை. அதற்கும் குழாயின் அகலத்துக்கும் தொடர்பில்லை.
2. இந்தப் பரிசோதனைக்கு மொத்தம் எவ்வளவு நேரம்? மூளைக்கோ முதுகெலும்பின் ஒரு பகுதிக்கோ பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். மருந்து ஊசி போட்டு எடுத்தால் இன்னும் கூடும். சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பயிற்சிக்கு அது வேண்டும்.
3. துணைக்கு ஒருவர் உள்ளே நிற்க அனுமதி உண்டா?
4. தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து எடுக்க வசதி இருக்கிறதா? அதற்குத் தனி நாளா?
5. முதல் நாள் வந்து இயந்திரத்தைப் பார்க்க விடுவார்களா? எல்லா இடத்திலும் விட மாட்டார்கள். கேட்பதில் நஷ்டம் இல்லை.

பக்கம் திறந்த "ஓப்பன் எம்.ஆர்.ஐ." சில ஊர்களில் இருக்கிறது. அவற்றில் பலவற்றின் காந்தம் வலிமை குறைந்தது, படத்தின் தெளிவும் குறையலாம். உங்கள் டாக்டர் தேடுவது அதில் தெரியுமா என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். எடுத்த படம் போதாது என்று இரண்டாவது முறை போக நேர்வது, பயந்தவருக்குச் செய்யும் கொடுமை.

வீட்டில் பயிற்சி

ஒரு வாரம் கிடைத்தால் நல்லது, மூன்று நாள் கிடைத்தாலும் வீணில்லை. தேவை ஒரு பாய், கால் உயர்ந்த கட்டில் அல்லது சாப்பாட்டு மேஜை, ஒரு கைக்குட்டை, ஒரு போன். அவ்வளவுதான்.

முதலில் மூச்சு. நான்கு எண்ணும் வரை மூக்கால் உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். பதறியவர்கள் "நல்லா இழுத்து விடு" என்று கேட்டதும் வேகவேகமாக இழுப்பார்கள். அப்படி இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். அதைக் கண்டு பயம் இரட்டிப்பாகும்.

பிறகு இந்த வரிசை:

1. பாயில் மல்லாந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, கண்ணை மூடி, அசையாமல் 10 நிமிடம். மூக்கு அரிக்கும். அரிக்கட்டும், சொறியக் கூடாது. அந்த அரிப்பு தானாகவே போய்விடும் என்று தெரிந்துகொள்வதும் பயிற்சிதான்.
2. அதே போலக் கட்டிலுக்கோ மேஜைக்கோ அடியில், தலையும் மார்பும் உள்ளே இருக்கும்படி. முதலில் 5 நிமிடம், பிறகு 10, பிறகு 20.
3. கண்ணின் மேல் மடித்த கைக்குட்டை. கண்ணை மட்டும்தான் மூட வேண்டும்.
4. எம்.ஆர்.ஐ. சத்தம் இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. "டக் டக்", "கர்ர்" என்று மாறி மாறி வரும். மெதுவாக வைத்து, நாளுக்கு நாள் ஒலியைக் கூட்டுங்கள். உண்மையான இயந்திரத்தில் இது 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. அதனால்தான் காதுக்குப் பஞ்சும் ஹெட்போனும் தருகிறார்கள். சத்தம் கேட்டால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, இயந்திரம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.
5. கடைசி நாள் எல்லாம் சேர்த்து, ஸ்கேன் சென்டர் சொன்ன முழு நேரமும். கையில் ஒரு சின்னப் பந்து. அவர் அமுக்கினால் நீங்கள் உடனே மேஜையை நகர்த்த வேண்டும். ஒரு முறைகூடத் தாமதிக்காதீர்கள். அமுக்கினால் ஆள் வரும் என்ற நம்பிக்கையை அவருக்கு உண்டாக்குவது இங்கேதான்.

ஒவ்வொரு படியிலும், "பத்துக்கு எத்தனை பயம்?" என்று கேளுங்கள். ஏழு, எட்டு என்று சொன்னால் அந்த நேரத்திலேயே வெளியே வராமல், நான்குக்கு இறங்கும் வரை இருக்கப் பார்க்கலாம். பதற்றம் ஏறி, பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கும். உச்சத்தில் எழுந்து ஓடினால், "ஓடினதால தப்பிச்சேன்" என்றுதான் மனது கணக்கு வைத்துக்கொள்ளும். முடியாமல் எழுந்துவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைக்கே இன்னொரு முறை, குறைந்த நேரத்துக்கு உள்ளே போகட்டும்.

எச்சரிக்கை: மூக்கையும் வாயையும் துணியால் மூடாதீர்கள். "பழகிக்கட்டும்" என்று அறையிலோ குளியலறையிலோ பூட்டி வைக்காதீர்கள். அது பயத்தை வளர்க்கும். பயிற்சியில் நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

உள்ளே மனதுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். வெறுமனே "வேற ஏதாவது நினைச்சுக்கோ" என்றால் எதுவும் நினைவுக்கு வராது. கந்த சஷ்டி கவசம் மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல துணை. நிதானமாகச் சொன்னால் 20 நிமிடம் போல ஆகும். ஜெபமாலை சொல்பவர்கள் மணி இல்லாமலே எண்ணிப் பழகலாம். வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை கடை கடையாக மனதில் நடந்து போகலாம். எதுவானாலும் உதடு அசையாமல் சொல்லிப் பழக வேண்டும். தலை, கழுத்து ஸ்கேனில் தாடை அசைந்தால் படம் கலங்கும்.

மாத்திரையும் மயக்க மருந்தும்

பயிற்சியாலும் ஆகவில்லை என்றால் மருந்து எடுப்பதில் வெட்கமே வேண்டாம். அல்பிரசோலம், லோராசிபாம் போன்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்கலாம். இன்னும் கடுமையான பயத்துக்கு, மயக்க மருந்து நிபுணர் கூட இருந்து ஊசி வழியாக மருந்து கொடுத்து எடுப்பது உண்டு. இவற்றில் தவறுகள் நடப்பது வீட்டில்தான்:

பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். குழந்தை தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுக்காதீர்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர், ஆஸ்துமா உள்ளவர், ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுபவர், கர்ப்பிணி என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மயக்க மருந்து என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பார்கள். உங்கள் சென்டர் சொல்வதையே பின்பற்றுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் அன்றைய இன்சுலினையும் மாத்திரையையும் என்ன செய்வது என்று கேட்காமல் பட்டினி போடாதீர்கள். திரும்பும்போது ஆட்டோவோ காரோதான். மருந்து எடுத்தவர் வண்டி ஓட்டக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் டூவீலரில் பின்னால் உட்கார்ந்து வருவதும் ஆபத்து.

அன்று காலை: உலோகம் எதுவும் வேண்டாம்

எம்.ஆர்.ஐ. காந்தம் இரவும் பகலும் விழித்தே இருக்கும். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் இழுக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினரின் ஸ்கேனுக்குத் துணையாக வந்த ஒருவர் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் அந்த அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது, அவர் உயிர் போனது. இறந்தவர் நோயாளி அல்ல, துணைக்கு வந்தவர். உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டால் நீங்களும் பதறி ஓடுவீர்கள். அந்த ஓட்டத்தில் சாவியும் போனும் பையில் இருக்கக் கூடாது. நீங்கள் வெளியே உட்காரப் போகிறவராக இருந்தாலும் எல்லாவற்றையும் முன்பே லாக்கரில் வைத்துவிடுங்கள். அழைக்காமல் அந்தக் கதவுக்குள் காலை வைக்காதீர்கள்.

நோயாளியிடம் இருக்கக் கூடாதவை: கம்மல், மூக்குத்தி, வளையல், கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண், தாயத்து, கொண்டை ஊசி, ஸ்லைடு, புடவை ஊக்கு, பெல்ட், கடிகாரம், காதுக் கருவி, கழற்றும் பல் செட், தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, சர்க்கரை அளக்கும் ஒட்டுக் கருவி. ஜரிகைப் புடவையும் கொக்கி வைத்த ரவிக்கையும் வேண்டாம், அங்கே கவுன் கொடுப்பார்கள். கண்மையைக் கழுவிவிடுங்கள்.

தாலி விஷயம் தனி. கழற்ற மனம் வராமல் கவுண்டரில் கண்கலங்கி நிற்பவர்கள் உண்டு. அந்தக் கலக்கத்தோடேயே குழாய்க்குள் போனால் பயம் பல மடங்காகும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் படத்தைக் கெடுக்கும், சூடேறும், கொக்கியில் வேறு உலோகம் இருக்கலாம். அதனால் முதல் நாளே வீட்டில் பேசி, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிப் போட்டுக்கொண்டு வரச் செய்யுங்கள். கழலாத மெட்டியை முந்தைய இரவே சோப்புத் தண்ணீரில் முயன்று பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் டெக்னீஷியனிடம் மறைக்காமல் காட்டுங்கள்.

உடலுக்குள் பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய்க் கிளிப், காக்ளியர் கருவி, எலும்பில் பிளேட் எது இருந்தாலும் அதன் அட்டையோடு முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். வெல்டிங், லேத் பட்டறையில் வேலை செய்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். கண்ணுக்குள் இரும்புத் துகள் இருக்கக்கூடும், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மயக்க மருந்து இல்லாவிட்டால் இலேசாகச் சாப்பிட்டு வரலாம். வழக்கமான இரண்டாவது காபியை அன்றைக்கு விட்டுவிடட்டும், படபடப்பு கூடும். உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும்.

ஸ்கேன் அறையில்

1. படுப்பதற்கு முன் நின்றபடியே இயந்திரத்தைப் பார்க்கட்டும். குழாயின் மறுபக்க வெளிச்சத்தைக் காட்டுங்கள். தலை ஸ்கேன் என்றால் முகத்தின் மேல் பொருத்தும் கூண்டையும் காட்டச் சொல்லுங்கள். படுத்த பிறகு திடீரென்று அது முகத்தில் இறங்கும்போதுதான் பலர் எழுந்துவிடுகிறார்கள். அதில் கண்ணாடி பொருத்த முடியும் என்றால் கேட்டு வாங்குங்கள். கால் பக்கமும் வெளி அறையும் அதில் தெரியும்.
2. ரப்பர் பந்தை ஒரு முறை அமுக்கிப் பார்க்கட்டும். மணி அடிப்பதைத் தன் காதால் கேட்க வேண்டும்.
3. முழங்காலுக்கு அடியில் தலையணை, குளிருக்குப் போர்வை.
4. கண்ணை வெளியிலேயே மூடி, மேலே துணி வைத்த பிறகுதான் படுக்கை உள்ளே நகர வேண்டும். "ஒரு தடவை திறந்து பாரு, ஒண்ணும் இல்ல" என்று யாரும் சொல்லக் கூடாது.
5. ஒத்திகை. ஸ்கேனைத் தொடங்காமல் உள்ளே அனுப்பி, அரை நிமிடம் வைத்து, வெளியே எடுக்கச் சொல்லுங்கள். "வெளிய வர முடியும்" என்பது உடம்புக்கே தெரிந்த பிறகு இரண்டாவது முறை சுலபமாக இருக்கும். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.
6. ஸ்கேன் பல துண்டுகளாக ஓடும், ஒவ்வொன்றும் சில நிமிடம். "அடுத்தது நாலு நிமிஷம்மா" என்று ஒவ்வொன்றுக்கும் முன் மைக்கில் சொல்லும்படி டெக்னீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது நிமிடத்தைத் தாங்க முடியாதவர்கள் நான்கு நிமிடத்தைத் தாங்குவார்கள்.

கை வைக்கும் விதம் முக்கியம். பயந்தவர்கள் தன்னையறியாமல் கும்பிட்டபடியோ விரல்களைக் கோத்தோ மார்பின் மேல் வைத்துக்கொள்வார்கள், காலைப் பின்னிக்கொள்வார்கள். தோலோடு தோல் ஒட்டும் இடத்தில் சூடேறித் தீக்காயம் ஏற்படலாம். கைகள் பக்கவாட்டில், கால்கள் தனித்தனியே இருக்க வேண்டும். எங்காவது சூடாகத் தெரிந்தால் பந்தை அமுக்கச் சொல்லுங்கள்.

உங்களை உள்ளே அனுமதித்தால், உங்களையும் உலோகச் சோதனை செய்வார்கள், காதுக்குப் பாதுகாப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் பாதத்தில் கையை வைத்துக்கொண்டு நில்லுங்கள். பேச வேண்டாம். பேசினால் பதில் சொல்ல அசைவார்.

பந்தை அமுக்கிவிட்டால்

வெளியே எடுப்பார்கள். "இன்னும் பத்து நிமிஷம்தானே இருந்துச்சு, இருந்திருக்கலாமே" என்று சொல்லாதீர்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நீள மூச்சு விடச் செய்யுங்கள். எடுத்து முடித்த துண்டுகள் வீணாவதில்லை. எத்தனை மீதி என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். மிக அவசியமான துண்டுகளை மட்டும் முதலில் எடுக்க முடியுமா என்று ரேடியாலஜிஸ்ட் சொல்வார். கால் மணி நேரம் கழித்து மறுபடி போகிறவர்கள் நிறையப் பேர்.

அன்றைக்கு முடியவே இல்லை என்றால் கோபமில்லாமல் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். ஆனால் விஷயத்தை அங்கேயே விட்டுவிடாதீர்கள். அதே வாரம் டாக்டரிடம் போய், மாத்திரையோடு எடுப்பதா, அகலமான இயந்திரமா, மயக்க மருந்தா, சி.டி.யோ அல்ட்ராசவுண்டோ போதுமா என்று கேளுங்கள். ஸ்கேனைத் தள்ளிப் போட்டதால் நோய் காத்திருக்காது. லிப்ட், கூட்டமான பஸ் என்று எல்லா இடத்திலும் இதே பயம் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் பயம் இது.

ஸ்கேன் முடிந்ததும் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த அளவுக் குழாய், எவ்வளவு நேரம், என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, எது உதவியது, எந்த இடத்தில் பயம் ஏறியது. அதை ரிப்போர்ட் கவரிலேயே வையுங்கள். அடுத்த முறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால், போனில் பதிவு செய்யும்போதே அந்தத் தாளைப் படித்துச் சொல்லுங்கள்.